இரண்டு ஆள் சரக்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறதோ தெரியவில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார்கள். போனில் ஒரு சிவந்த மூஞ்சியைத் தட்டி விடுவார்கள். கோபம் போய்விட்டாலும் பேசமாட்டார்கள். ஒரு பூப்படத்தைத் தட்டி விடுவார்கள். கீழ்வீட்டுக்காரன் மாடிப்படியில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 'குட் மார்னிங்' என்று படம் அனுப்புகிறான். அவனுடைய குட் மார்னிங்கை வாங்கிக்கொள்ள ஒருவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம்.

அடுப்படி வாசலில் நின்று இப்படிப் பொருமிக்கொண்டிருந்தார் கட்டுக்காரர். எதிரில் ஆள் இருந்தாள். காது கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவருடைய சின்ன மகள் மேஜைமேல் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பூவுக்கு இதழ் வைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் பூ. சர்க்கரைத் தூளைப் பசைவிட்டுக் களிமண் மாதிரிப் பிசைந்து, அப்பளத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து, ஓரத்தைக் கரண்டி முதுகால் நீவி நீவிச் சுருட்டி, இதழ் இதழாக ஒட்டுகிற வேலை. மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேமுக்குக் கண்ணாடி பொருத்துகிறவள் அவள். சின்னச் சாமானைக் கையாளத் தெரியும். இருந்தும் தட்டில் காய்ந்துகொண்டிருந்த பூக்களைவிடக் குப்பைக்கூடைக்குப் போன பூக்கள் அதிகம்.

"வாயைத் திறந்து, 'அக்கா, நான் செஞ்சது தப்பு'ன்னு சொல்லிட்டாப் போச்சு. அதுக்கு எதுக்கு இத்தனை சர்க்கரை?"

"அப்பா, இதழ் காயுது. பக்கத்துல நின்னு கத்தாதீங்க, விரிசல் விட்டுடும்."

"நான் கத்தினா சர்க்கரை விரியுமா? உங்கம்மா கத்தினதுக்கே இந்த வீட்டுச் சுவர் விரியல."

அவள் சிரிக்கவில்லை. நாக்கின் நுனியை உதட்டோரம் நீட்டிக்கொண்டு அடுத்த இதழை எடுத்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோதும் எதையாவது வெட்டி ஒட்டும்போது இப்படித்தான் நாக்கை நீட்டுவாள். அப்போது பக்கத்தில் பெரியவளும் உட்கார்ந்திருப்பாள். இவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

பெரியவள் கல்யாணமாகிப் போய், திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறாள். சின்னவளுடைய கல்யாணத்துக்கு அவள் தன் கையாலேயே காகிதப் பூக்கள் பண்ணிக்கொண்டு வந்தாள். வேலை முடித்து வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து பண்ணின பூக்கள். மண்டபம் முழுக்க அவளே ஏணி போட்டு ஏறிக் கட்டினாள். விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கடையில் வாங்கின துணிப்பூச் சரங்களோடு வந்து இறங்கினார்கள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே மினுக்கு. புது மாமியார் முகம் கோணிவிடுமே என்று பயந்து, "சரி, காகிதப் பூவைக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டாள் சின்னவள். கழற்றினவர்கள் மடித்தா வைப்பார்கள்? கையைக் கழுவப் பின்பக்கம் போன பெரியவள், குப்பைத் தொட்டியில் எச்சில் தட்டுகளுக்கு அடியில் தன் பூக்களைப் பார்த்தாள்.

சாப்பிடாமல் உள்ளே வந்து, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இனிமே உன் வீட்டு விசேஷத்துல என் கை படாது. என் வீட்டு விசேஷத்துல உன் கால் படாது."

அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது பெரியவளுடைய மகளுக்குப் பிறந்தநாள். அப்பாவுக்கு மட்டும் அழைப்பு. கேட்டதிலிருந்து சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழந்தைக்குத் தன் கையாலேயே கேக் பண்ணி, அதன்மேல் அக்காவின் அதே பூக்களைச் சர்க்கரையில் பண்ணி அனுப்பப் போகிறாளாம்.

"நீங்க கொண்டுபோய்க் குடுத்தாப் போதும்ப்பா. என் பேரைக்கூடச் சொல்ல வேணாம். பூவைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியலேன்னா?"

"தெரியும். ஆனா ஒரு பூகூட உடையக் கூடாதுப்பா." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு தடவை அவ பூவைக் குப்பையில போட்டாச்சு. இதுவும் நொறுங்கிப்போய் அவ கைக்குப் போச்சுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ வாசல்ல நிப்பேன்?"

சர்க்கரையால் மன்னிப்புக் கேட்பதில் கட்டுக்காரருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உடையாமல் போய்ச் சேரவேண்டும் என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. கட்டுக்காரர் என்பது அவர் பெயர் அல்ல, தொழில். கண்ணாடிச் சாமானும் பீங்கானும் வெளியூருக்கு அனுப்புகிற குடோனில் தலை நரைக்கிற வரைக்கும் பெட்டி கட்டினவர். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த காலத்தைவிட அதன் மதில்மேல் உட்கார்ந்த காலம் அதிகம். அவருக்கு ரோட்டின்மேல் நம்பிக்கை கிடையாது, டிரைவர்மேல் கிடையாது, சுமை தூக்குகிறவன்மேல் சுத்தமாகக் கிடையாது. உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்: கீழே போடுகிறவன், விழுவதைப் பிடிக்கிறவன். இரண்டாமவனை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

"எதுல கொண்டு போறது?"

"கடையில கேக்குக்குன்னே அட்டைப்பெட்டி விக்கிறான்ப்பா. மேல கைப்பிடிகூட இருக்கு."

"அட்டைப்பெட்டி!" என்றார், யாரோ அவர் காலை மிதித்துவிட்ட மாதிரி. "அதுல செருப்புப் போட்டு எடுத்துட்டுப் போகலாம். தள்ளிக்கோ."

அன்றைக்கே மரக்கடைக்குப் போய் ஒவ்வொரு பலகையாக மோந்து பார்த்தார். கடைக்காரன், "பெரியவரே, பலகையைத் திங்கவா போறீங்க?" என்று கேட்டான். "என் பேத்தி திங்கப்போறா" என்று சொல்லிவிட்டு, வாசனை அடிக்காத மரமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். சரக்குக்கு மர வாசனை ஏறிவிட்டால் அதுவும் சேதாரம்தான்.

முதலில் கேக்குக்கு அளவாக ஒரு சின்னப் பெட்டி. அதற்கு வெளியே இரண்டு சாண் இடைவெளி விட்டு இன்னொரு பெரிய பெட்டி. சின்னப் பெட்டியைப் பெரியதுக்குள் வைக்கவில்லை, தொங்கவிட்டார். சைக்கிள் டியூபை வாராக அறுத்து, நாலு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் ஊஞ்சல் மாதிரி. பஸ் குழியில் விழுந்து எழுந்தாலும் வெளிப்பெட்டிதான் குலுங்கும். உள்ளே இருப்பது சொகுசாக மிதந்துகொண்டு வரும். எறும்பு புகாமல் காற்று மட்டும் புக ஓட்டை போட்டு, அதற்கு மெல்லிய துணியை ஒட்டினார். கேக்கைப் பூவோடு உள்ளே வைத்ததும் மூடிக்கு நீள ஆணியாக எடுத்து அடித்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டு வந்த முனையையெல்லாம் மடித்துத் தட்டினார். முனை மடித்த ஆணி லேசில் வராது. வழியில் எவனும் திறந்து பார்க்கக் கூடாதே.

கடைசியாகக் கறுப்புப் பெயின்டில் மூன்று படம் வரைந்தார். மேலே பார்க்கிற அம்பு. ஒரு கண்ணாடித் தம்ளர். அப்புறம் ஒரு பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்குகிற இரண்டு குச்சி மனிதர்கள்.

"படம் அனுப்பறவங்களைத் திட்டினீங்களே?" என்றாள் சின்னவள்.

"இது வேற" என்றார்.

"சரி, ரெண்டு ஆளு எதுக்கு?"

"ஒருத்தன் தூக்கக் கூடாத சரக்குன்னு அர்த்தம். குடோன்ல இந்தப் படம் இருந்தா முதலாளியே வந்தாலும் தனியாத் தொடமாட்டான். ஒரு பக்கம் சாஞ்சா வாரு அறுந்துடும்."

"நீங்க தனியாத்தானேப்பா போறீங்க?"

கட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார். குச்சி மனிதர்களைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். சரக்கைப் பற்றி நினைத்த மனுஷர், தூக்குகிற ஆளைப் பற்றி நினைக்கவே இல்லை. சின்ன மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை. எந்தக் கடலில் இருக்கிறாரோ, அவர் திரும்பும் வரைக்கும்தான் இவள் இங்கே. கீழ்வீட்டுக்காரனைக் கூப்பிடுவதற்குப் பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்துவிடலாம்.

"நீதான் வரணும்."

"நான் மாட்டேன்ப்பா! கால் படக்கூடாதுன்னு சொன்னவ வீட்டுக்கு நான் எப்படி…"

"அப்ப கேக்கும் வராது."

கொஞ்ச நேரம் அழுதாள், கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். கடைசியில், அக்கா வீட்டுக் கேட் வரைக்கும் வருவதாகவும் அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவதாகவும் ஒத்துக்கொண்டாள்.

விடிகாலைப் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். "உள்ள என்ன தாத்தா, புலிக்குட்டியா?"

"கேக்கு."

"கேக்கு அப்படி என்ன குத்தம் பண்ணுச்சு?"

பஸ்ஸே சிரித்தது. கட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு குழிக்கும் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். எதிர் சீட்டில் சின்னவள் மடியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியவள் வீட்டுக் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கேட்டிலிருந்து வீட்டுக்குப் படிகள். படி ஏறத் தூக்க மறுபடி இரண்டு ஆள் வேண்டும். கேட்டில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றவள் அப்பாவின் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். தன் பக்கத்தைத் தூக்கினாள்.

கதவைத் திறந்தவள் தோளில் வண்ணக் காகித நாடாக்கள் தொங்கின. "வாங்கப்பா" என்றாள் பெரியவள். பெட்டியின் மறுமுனையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கத்தை ஏதோ பேய் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி, பார்வை அப்படியே அதைத் தாண்டிப் போனது.

பெரிய மாப்பிள்ளை பாட்டு வாத்தியார், நல்ல மனுஷன். உள்ளேயிருந்து ஓடிவந்து, "வாங்க மாமா! அடடே, வாம்மா, எப்படி இரு…" என்று ஆரம்பித்தவர், பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை இருமலாக்கிக்கொண்டார்.

கூடத்தின் நடுவில் பெட்டி இறங்கியது. பிறந்தநாள் பேத்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "தாத்தா, கேக்கு எங்க?"

"உள்ளதான்."

"திறங்க."

"தாத்தா திறக்கக் கூடாது. கட்டின கை பிரிக்கக் கூடாது."

அது குடோன் சட்டம். எந்தப் பெட்டிமேலாவது சந்தேகம் வந்து அங்கேயே பிரித்துப் பார்த்தால், கட்டினவனைக் கதவுக்கு வெளியே திருப்பி நிறுத்திவிட்டுத்தான் பிரிப்பார்கள். இல்லாவிட்டால் உடைந்தது கட்டும்போதா, வழியிலா, பிரிக்கும்போதா என்று எப்படித் தெரியும்? வாங்கினவர் பிரிக்கட்டும். அவர் வாசற்படிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுத்தியல்கூடக் கொண்டு வரவில்லை.

"நான் கிளம்பறேன்ப்பா" என்றாள் சின்னவள், முதுகுக்குப் பின்னால்.

"போ. யார் வேணாம்னா."

போகவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கவில்லை. பூவை அக்கா பார்க்கிற அந்த நொடியை விட்டுவிட்டு எப்படிப் போவாள்?

முதலில் பாட்டு வாத்தியார் முயன்றார். "இது வரலியே… ஆ! விரலு!" என்றார். அந்த வீட்டில் ஆணி பிடுங்க ஒரு சாமானும் கிடையாது. சுவரில் படம் மாட்டக்கூட மனுஷன் ஆள் கூப்பிடுவார். பெரியவள் காய்கறிக் கத்தியைக் கொண்டு வந்து நெம்பினாள், அது வளைந்தது. குழம்புக் கரண்டி, அது இரண்டாகப் போனது.

"அப்பா! இதை யாரு பிரிப்பா? புல்டோசரா?"

"பொறுமையா நெம்பு" என்றார் தெருவைப் பார்த்தபடி.

"பிள்ளைங்க எல்லாம் இப்ப வந்துடும்! உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க, சும்மா நிக்கறதுக்கு அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடிச்சா நல்லாருக்கும்னு."

"அப்பா, பிடிக்கறேன்னு சொல்லுங்க."

"என்னை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? நான் தந்திக் கம்பமா?"

மறுபடி மரம் முனகியது.

"அப்பா, அவகிட்டச் சொல்லுங்க, என் பையில ஸ்குரூ டிரைவர் இருக்குன்னு." கண்ணாடிக் கடையின் சின்ன ஸ்குரூ டிரைவர். ஈர்க்குச்சி அளவு இருக்கும்.

பெரியவள் அதை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். "இதை வெச்சுக் கொசுவுக்குத்தான் கண்ணாடி மாட்டலாம்னு உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்கப்பா."

பாட்டு வாத்தியார் குபுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சின்னவள் மூக்குவழியாகச் சிரித்ததும் கட்டுக்காரர் காதில் விழுந்தது.

அப்புறம் பெரியவள் எங்கேயோ போய்த் தையல் மெஷினின் இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பெட்டியின் இரண்டு பக்கமும் காலை ஊன்றிக்கொண்டு நெம்பினார்கள். மூச்சு வாங்குகிற சத்தம். ஒரு ஆணி கிறீச்சென்று வந்தது. இன்னொன்று. "ஏய், விரலை எடுடி! நசுங்கப் போவுது!" என்று கத்தினாள் பெரியவள்.

அவள் கத்தினது நேராகத் தங்கையைப் பார்த்து. 'உங்க பொண்ணு'ம் இல்லை, 'சொல்லுங்க'வும் இல்லை. தவறி விழுந்துவிட்ட சொல்லைப் பொறுக்கிக்கொள்ள முடியாமல் பெரியவள் இன்னும் வேகமாக நெம்பினாள்.

மூடி பெயர்ந்தது.

"அம்மா, உள்ள இன்னொரு பெட்டி இருக்கு" என்றாள் பேத்தி.

"கடவுளே!" என்றார் வாத்தியார்.

உள்பெட்டியின் மூடிக்குச் சின்ன ஆணிகள்தான். கம்பிக்குக் கட்டுப்பட்டு வந்துவிட்டது. எல்லோரும் ஒரு மூச்சை உள்ளே இழுத்தது வாசற்படி வரைக்கும் கேட்டது. கட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. சட்டத்தைக் கொஞ்சம் வளைத்து, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை கேக்கின்மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் பூக்கள் சரிந்து இறங்கியிருந்தன. சிவப்பு, மஞ்சள், நடுநடுவே பச்சை இலை. ஒரு இதழ் நகரவில்லை. அவருக்கே ஒரு கணம் மார்பு விம்மியது. ரோடே, டிரைவரே, பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள் கேக்கைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பார்த்தாள், பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"நல்லாருக்கு" என்றாள் அப்பாவைப் பார்த்து. "எந்தக் கடையில ஆர்டர் குடுத்தீங்க? கடைப் பூன்னா கடைப் பூதான். எப்படி ஒண்ணுபோல இருக்கு பாருங்க."

சின்னவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். திறந்து சொல்லித் தொலையேன், நான் பண்ணினது என்று சொல்லேன், என்று கட்டுக்காரருக்கு நாக்கு துடித்தது. ஆனால் பேரைச் சொல்ல வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாளே. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சரி, வெளிய எடுக்கணும்" என்று பெரியவள் திரைச்சீலை வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். "இந்த ரப்பரை எல்லாம் வெட்டினாத்தானே பெட்டி வரும்?" தன் பக்கத்து வார்களை நறுக் நறுக் என்று வெட்டினாள்.

விறைப்பாக இழுத்துக் கட்டின வார்கள் அவை. இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் சும்மா இருக்குமா? ஆயுசு முழுக்கக் கட்டினவர் கட்டுக்காரர். ஒருமுறைகூடப் பிரித்ததில்லை, பிரித்துப் பார்த்ததும் இல்லை. எந்த வாரை எப்போது வெட்ட வேண்டும் என்று அவர் நினைத்துப் பார்க்க அவசியமே வந்ததில்லை. இப்போதுதான் நினைத்தார். "வெட்டாத…" என்று திரும்பி ஓடிவருவதற்குள் கடைசி வார் அறுந்தது.

உள்பெட்டி கவண்கல் மாதிரிப் பாய்ந்து வெளிப்பெட்டியின் எதிர்ப்பக்கப் பலகையில் மோதியது. டமார். கேக்கின் ஒரு பக்கம் பொதக்கென்று அமுங்கியது. பூக்கள் உடைந்து, சில்லுச் சில்லாக மேலே எழும்பி விழுந்தன. ஒன்று பேத்தியின் தலைமுடியில் போய் உட்கார்ந்தது.

பேத்தி தலையிலிருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிக்குது" என்றாள்.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பெரியவள் குனிந்து உடைந்த பூ ஒன்றைப் பொறுக்கினாள். தூர எறியத்தான் எடுத்தாள் போலிருக்கிறது. எறியவில்லை. திருப்பிப் பார்த்தாள். மேலே பார்த்தால் கடைப் பூ மாதிரி வழவழப்பு. அடியில் அப்படி இல்லை. அடியில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று இடதுபக்கமாகச் சுற்றி, கடைசி இதழ் முதல் இதழுக்குள் சொருகியிருந்தது. சர்க்கரையில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. எல்லாரும் வலதுபக்கம் சுற்றுவார்கள். பெரியவள் இடதுகைக்காரி. அவள் பூ இடதுபக்கம்தான் சுற்றும். அவளிடம் கற்றுக்கொண்டவளும் அப்படியே சுற்றுவாள்.

இன்னொரு பூவைப் பொறுக்கினாள். அதையும் திருப்பினாள். இன்னொன்று.

"இதை யாரு பண்ணினது?"

பொத்தின கை பொத்தினபடி இருந்தது.

"அடியே, உன்னைத்தான். இலையை ஏன் ரெண்டா மடிச்சிருக்க? நான் மூணால்ல மடிப்பேன்?"

"மறந்துபோச்சு" என்றது கைக்குள்ளிருந்து ஒரு குரல். "பார்த்துப் பண்ண ஒரு பூகூட இல்லை."

"குப்பையில போட்டா எங்கேயிருந்து இருக்கும்?"

இது குத்தல்தான். ஆனால் சொல்லிக்கொண்டே பெரியவள் தரையில் தங்கைக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. "மூக்கு ஒழுகிட்டுக் கேக்கு பக்கத்துல உட்காராத. பிள்ளைங்க திங்கணும்."

"எல்லாம் நாசமாப் போச்சுக்கா."

"பாதிதான் போயிருக்கு. என்னங்க! அந்தக் காகிதக் கட்டை எடுங்க. பசையும். ஏய் குட்டி, பொறுக்கித் திங்கறதை நிறுத்து."

வாத்தியார் ஓடினார். தோரணத்துக்கு வாங்கி மீந்த காகிதம் கூடத்தில் விரிந்தது. இரண்டு பேரும் நடுவில் கேக்கை வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார்கள். அமுங்கின பக்கத்துக்குக் காகிதப் பூ, பிழைத்த பக்கத்துக்குச் சர்க்கரைப் பூ. பெரியவள் வெட்ட, சின்னவள் சுருட்ட. நடுவில் ஒரு பேச்சு: "உன் மாமியார் எப்படி?" "இருக்காங்க. உன் பூவை இன்னும் கேக்கறாங்க, அந்தக் காகிதப் பூ எங்கேன்னு." "அடிப்பாவி! அவங்களுக்குப் பயந்தா கழட்டின?" அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. நாக்கை நீட்டிக்கொண்டே சின்னவள் அதைத் துடைத்தாள்.

கட்டுக்காரர் அறுந்த ரப்பர் வார்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

"அப்பா," என்றாள் பெரியவள் தலை நிமிராமலே, "இவளையும் வரவைக்கணும்னுதானே பெட்டியை இத்தனை கனமாப் பண்ணினீங்க? பிரிக்க ரெண்டு பேர் வேணும்னுதானே அப்படி ஆணி அடிச்சீங்க?"

"நான் சரக்குக் கட்டினேன். நாடகமா கட்டினேன்?"

"சொல்லிட்டாரு" என்றாள் சின்னவள். மறுபடி சிரிப்பு.

அவர் சின்னவள் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டாச்சுப்பா."

"எப்ப? நான் இங்கேயேதானே நிக்கறேன்?"

"கேட்டாச்சுப்பா."

பெரியவள் பக்கம் திரும்பினார். "நீ மன்னிச்சியா?"

"ஆச்சுப்பா. அந்தப் பசையை இப்படி நகர்த்துங்க."

"ஒருத்தி 'தப்பு'ன்னு சொல்லல. ஒருத்தி 'போகட்டும்'னு சொல்லல. ரெண்டு பேரும் இலையை மடிக்கறதைப் பத்திப் பேசினீங்க. என் காது இன்னும் செவிடாகல."

"நீங்க முதல்ல உட்காருங்க. கேக்கு வெட்டினதும் ஒரு துண்டு சாப்பிட்டுட்டு, ராத்திரி தங்கிட்டுப் போகலாம். இவளும் தங்கறா."

"எனக்கு வேணாம். சேதமான சரக்கு" என்றார். செருப்பை மாட்டினார்.

"அப்பா! எங்க போறீங்க?"

"பஸ்ஸுக்கு. நாளைக்கே நீங்க மறுபடி முட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடாதீங்க. யாரு என்ன சொன்னான்னு கேட்டா, சாட்சி சொல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லை."

படி இறங்கினார். கேட்டில், கையில் பொட்டலத்தோடு முதல் விருந்தாளிப் பெண்பிள்ளை ஒன்று எதிரே வந்தது. "தாத்தா, கேக்கு வெட்டிட்டாங்களா?"

"உடைஞ்சே போச்சு. உள்ள போய்ப் பாரு, ரெண்டு பேரும் உட்கார்ந்து சிரிச்சுட்டு இருக்காங்க" என்றார். "எனக்கொண்ணும் சரியாப் படல."

கூடத்திலிருந்து மறுபடி ஒரு சிரிப்புச் சத்தம் தெருவுக்கு வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.